டிஸெபிலிட்டி பென்ஷன் வழக்கில் ஜெயித்த பிறகு: தீர்ப்பு நகலிலிருந்து வங்கிக் கணக்கு வரை

ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் டிஸெபிலிட்டி பென்ஷன் (பணியில் வந்த ஊனத்துக்கான ஓய்வூதியம்) வழக்கை ஜெயித்த முன்னாள் படைவீரர்களில் பலர் முதலில் செய்வது, தீர்ப்பு நகலோடு வங்கிக்குப் போவது. மேலாளரும் வாங்கி வைத்துக்கொள்வார். ஆறு மாதம் ஆனாலும் கணக்கில் ஒரு ரூபாய் ஏறாது. வங்கி மேல் குற்றமில்லை, அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு அவர்களால் எதுவும் செய்ய முடியாது.

தீர்ப்பு முதலில் அரசு அனுமதிக் கடிதமாக மாற வேண்டும். அந்தக் கடிதத்தை வைத்து பிபிஓ (பென்ஷன் வழங்கும் உத்தரவு) போட வேண்டும். பிபிஓ வந்த பிறகுதான் ஸ்பார்ஷ் (பாதுகாப்புத் துறையின் இணையவழி பென்ஷன் அமைப்பு) பணம் அனுப்பும். இந்த மூன்று கட்டமும் தானாக நகர்வது அபூர்வம். நீங்கள்தான் சரியான இடத்தில், சரியான வரிசையில் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

இங்கே சொல்வது பெரும்பாலும் ஜவான், என்சிஓ (நாயக், ஹவில்தார் நிலை), ஜேசிஓ (சுபேதார் நிலை) பதவிகளில் இருந்து வந்தவர்களுக்கானது. 2023 செப்டம்பர் 21 முதல் பணி முடித்தவர்களுக்குப் புதிய தகுதி விதிகள் இருப்பதால், கீழே வரும் கணக்குகளை அவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

டிஸ்சார்ஜ் புக், பழைய பிபிஓக்கள் அனைத்தும் (முதல் பிபிஓ, பிறகு வந்த திருத்தங்கள்), மெடிக்கல் போர்டு (ஊனத்தை மதிப்பிடும் ராணுவ மருத்துவர் குழு) நடவடிக்கை நகல், ஆதார், பான், மனைவியோடு சேர்ந்த வங்கிக் கணக்குப் புத்தகம், வழக்கு மனு தாக்கலான தேதி. கடைசியாகச் சொன்னதைப் பலர் குறித்து வைப்பதில்லை. அரியர்ஸ் (நிலுவைத் தொகை) கணக்கு பெரும்பாலும் அந்தத் தேதியிலிருந்துதான் பின்னோக்கி ஓடும்.

இன்னொன்று, பெயர். நம் ஊரில் இனிஷியலோடு வாழ்கிறோம். டிஸ்சார்ஜ் புக்கில் 'முருகன் எஸ்' என்று இருக்கும், ஆதாரில் 'எஸ் முருகன்', பானில் அப்பா பெயரை விரித்து 'முருகன் சுப்பையா'. மனைவி பெயர் ஒரு தாளில் லட்சுமி, இன்னொன்றில் லெட்சுமி. ஆங்கில எழுத்தில் இவை முற்றிலும் வேறு வேறு பெயர்கள். கணினி இதைப் பொறுத்துக்கொள்ளாது. தீர்ப்புக்குப் பிந்தைய தாமதங்களில் கணிசமானவை இந்த ஒரு காரணத்தால் வருபவை. ஆகவே தீர்ப்பு வந்த வாரமே எல்லாத் தாள்களையும் மேசையில் பரப்பி, பெயரையும் பிறந்த தேதியையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஆதாரையும் பானையும் ராணுவ ஆவணத்தில் உள்ளபடி திருத்துவது எளிது. ராணுவ ஆவணத்தைத் திருத்துவதுதான் கடினம். மனைவி பெயர் ரெக்கார்டில் ஏறவே இல்லையென்றால், அதைப் பதிவு செய்யும் பார்ட்-2 ஆர்டருக்கு இப்போதே விண்ணப்பியுங்கள்.

1. தீர்ப்பின் கடைசிப் பக்கத்தைப் பேனாவோடு படியுங்கள்

முதல் பல பக்கங்களில் இரு தரப்பு வாதமும் மேற்கோள் தீர்ப்புகளும் இருக்கும். உங்களுக்குப் பணம் தருவது கடைசி ஓரிரு பத்திகள் மட்டும். அதில் இவற்றைத் தேடி அடிக்கோடிடுங்கள்:

- எத்தனை சதவீத ஊனம், ரவுண்டிங் ஆஃப் (அந்தச் சதவீதத்தை அடுத்த படிக்கு உயர்த்துவது) உண்டா?
- வாழ்நாள் முழுவதுமா, குறிப்பிட்ட காலத்துக்கா?
- எந்தத் தேதியிலிருந்து அரியர்ஸ்?
- நிறைவேற்ற எத்தனை மாதக் கெடு, தவறினால் எத்தனை சதவீத வட்டி, அந்த வட்டி எந்த நாளிலிருந்து?
- மறு மெடிக்கல் போர்டு நடத்தச் சொல்லியிருக்கிறதா?

ஏன் இவ்வளவு கவனம்? பிபிஓ போடும் அலுவலகம் தீர்ப்பில் எழுதியிருப்பதை மட்டுமே செய்யும், எழுதாததைச் சேர்க்காது. ரவுண்டிங் ஆஃப் கேட்டு வழக்குப் போட்டு, வாதத்தில் அது பேசப்பட்டு, கடைசிப் பத்தியில் விடுபட்டிருந்தால், மெடிக்கல் போர்டு தந்தது 30 சதவீதம் என்றால் உங்களுக்கு அந்த 30 சதவீதத்துக்கே பிபிஓ வரும். இப்படி ஒரு விடுபாடு கண்ணில் பட்டால் உடனே வழக்கறிஞரிடம் சொல்லி, தீர்ப்பாயத்திலேயே திருத்த மனு போட வேண்டும். அரசு அனுமதிக் கடிதம் வெளியான பிறகு திருத்தப் போனால் அந்தக் கடிதத்தையும் சேர்த்தே திருத்த வேண்டிவரும்.

ரவுண்டிங் ஆஃப் கணக்கு இதுதான்: 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் 50 ஆகும், 50 முதல் 75 வரை இருந்தால் 75 ஆகும், 76 முதல் மேலே 100 ஆகும். முன்பு உடல்நலக் காரணத்தால் பாதியில் வெளியேற்றப்பட்டவர்களுக்கு மட்டும் என்று இதை நிறுத்தி வைத்திருந்தார்கள். பணிக்காலம் முடித்து ஊனத்தோடு வீடு திரும்பியவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பர் 10 அன்று ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

அரியர்ஸ் விஷயத்தில் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். 1998-ல் வெளியே வந்து 2021-ல் வழக்குப் போட்டவருக்கு 1998-லிருந்து நிலுவை வரும் என்று வீட்டில் கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். தாமதமாக வந்த வழக்குகளில், மனு தாக்கலான நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் நிலுவை தரும் வழக்கம், 2008-ன் தர்சேம் சிங் தீர்ப்பைப் பின்பற்றி, பரவலாக இருந்துவந்திருக்கிறது. உங்கள் தீர்ப்பில் என்ன இருக்கிறதோ அதுதான் உங்களுக்கு. பிள்ளைகளிடம் தொகை சொல்வதற்கு முன் அந்த வரியைப் பார்த்துவிடுங்கள்.

2. சான்றிட்ட நகலை எடுத்து, போக வேண்டிய இடத்துக்கு அனுப்புங்கள்

இணையத்தில் இறக்கிய நகல் நீங்கள் படிக்க உதவும். அனுப்புவதற்குத் தீர்ப்பாயத்தின் சான்றிட்ட நகல் வேண்டும். அரசுத் தரப்பு வழக்கறிஞர் மூலமாகத் துறைக்கு ஒரு நகல் போகும்தான். ஆனாலும் நீங்கள் தனியாக அனுப்புங்கள். காரணம், கெடு எந்த நாளிலிருந்து ஓடுகிறது என்ற கேள்வி பின்னால் வரும். 'உத்தரவு கிடைத்த நாளிலிருந்து' என்று தீர்ப்பு சொன்னால், கிடைத்த நாளை நிரூபிக்க உங்களிடம் ஒரு காகிதம் இருக்க வேண்டும்.

முதலில் அனுப்ப வேண்டியது உங்கள் ரெக்கார்ட் ஆபீஸுக்கு (உங்கள் பணி ஆவணங்களை வைத்திருக்கும் அலுவலகம்). மதராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டன், எம்இஜி (மதராஸ் பொறியாளர் படை) என்றால் பெங்களூரு, இஎம்இ (மின், இயந்திரப் பொறியாளர் படை) என்றால் செகந்திராபாத், சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர். கடற்படை மாலுமிகளுக்கு மும்பையிலும், விமானப்படை வீரர்களுக்கு டெல்லி சுப்ரதோ பார்க்கிலும் அலுவலகம். இரண்டாவது நகல், பென்ஷன் அனுமதிக்கும் கணக்கு அலுவலகத்துக்கு: தரைப்படைக்கு பிரயாக்ராஜில் உள்ள பிசிடிஏ பென்ஷன்ஸ், கடற்படைக்கு மும்பை, விமானப்படைக்கு டெல்லி. இந்த இரண்டாவது நகல் தகவலுக்கு மட்டும்தான். ரெக்கார்ட் ஆபீஸிலிருந்து கோப்பு வராமல் அவர்கள் தொடமாட்டார்கள்.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். படை எண், பதவி, பெயர், வழக்கு எண், தீர்ப்புத் தேதி, தீர்ப்பின் நிறைவேற்றுப் பத்தி எண், கெடு முடியும் நாள், உங்கள் கைபேசி எண், வங்கி விவரம். இவை போதும். போரில் பட்ட காயத்தையும் பட்ட கஷ்டத்தையும் நாலு பக்கம் எழுதி அனுப்புகிறவர்கள் உண்டு. அந்த வலி உண்மைதான், ஆனால் கோப்பு பார்க்கும் எழுத்தர் தேடுவது வழக்கு எண்ணை. அது மூன்றாம் பக்கத்தில் இருந்தால் கடிதம் ஓரமாகப் போய்விடும்.

ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, இணையத்தில் 'சேர்ப்பிக்கப்பட்டது' என்று வரும் பக்கத்தை அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். கண்காணிப்பு விவரம் கொஞ்ச காலத்தில் இணையத்திலிருந்து போய்விடும்.

3. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்து காத்திருங்கள்

ரெக்கார்ட் ஆபீஸ் தீர்ப்பைச் சட்டப் பிரிவின் கருத்தோடு தலைமையகத்துக்கு அனுப்பும். அங்கே நிறைவேற்றுவதா, மேலே போவதா என்று முடிவெடுப்பார்கள். நிறைவேற்றுவது என்றால் அரசு அனுமதிக் கடிதம் வெளியாகும். அது ரெக்கார்ட் ஆபீஸுக்குத் திரும்பி, அங்கிருந்து பென்ஷன் கோரிக்கையாக ஸ்பார்ஷில் ஏறி, பிரயாக்ராஜில் பிபிஓ ஆகும்.

அதிகம் தேங்குவது தலைமையகத்தில்தான். அங்கே நீங்கள் நேரில் போய்ப் பயனில்லை. ரெக்கார்ட் ஆபீஸிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: 'அனுமதிக் கடிதத்துக்காக என் கோப்பு எந்தத் தேதியில், எந்தக் கடித எண்ணில் மேலே போனது?' தொலைபேசியில் 'ப்ராசஸில் இருக்கிறது' என்று சொன்னால் திருப்தி அடையாதீர்கள். பதில் வரவில்லையென்றால் 10 ரூபாய் கட்டணத்தில் ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை) மனு போட்டு இதே கேள்வியைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தப் பதிலே, உத்தரவை நிறைவேற்றச் சொல்லிப் பின்னால் தீர்ப்பாயத்தில் போடும் நிறைவேற்று மனுவுக்கு நல்ல ஆதாரமாகும்.

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஒரு நகலைக் கொடுத்து வையுங்கள். உத்தரவை நிறைவேற்றும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை, ஆனால் அவர்கள் கடிதத் தலைப்பில் ஒரு நினைவூட்டல் போனால் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

4. அரசு மேலே போனால்

இந்த இடத்தில்தான் பலர் பயந்து ஒதுங்கிவிடுகிறார்கள். 'மேல்முறையீடு பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு கடிதம் வரும். அதைப் படித்துவிட்டு, வழக்கு தோற்றுப்போனதைப் போல உட்கார்ந்துவிடுவார்கள்.

அந்தக் கடிதம் தடை உத்தரவு ஆகாது. மேல்முறையீடு உண்மையிலேயே தாக்கலாகியிருந்தாலும்கூட, மேல் நீதிமன்றம் தடை கொடுக்காத வரை தீர்ப்பாய உத்தரவு உயிரோடு இருக்கிறது, நிறைவேற்றியே ஆக வேண்டும். எனவே பதிலாக ஒரு வரி எழுதுங்கள்: 'தடை உத்தரவு இருந்தால் அதன் நகலை அனுப்பவும், இல்லையென்றால் நிறைவேற்றவும்.'

உச்ச நீதிமன்றம் போக, தீர்ப்பாயத்திடம் அனுமதி கேட்க 2007-ம் ஆண்டு ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டம் 30 நாள் தருகிறது. 'முப்பது நாள் போய்விட்டது, இனி கவலையில்லை' என்று நினைக்க வேண்டாம். தாமதத்தை மன்னிக்கும்படி கேட்பது வழக்கம்தான். அதோடு, தீர்ப்பாயத்தின் தீர்ப்புகளை உயர் நீதிமன்றம் ரிட் அதிகாரத்தில் பரிசீலிக்கலாம் என்று 2023 மார்ச் 21 அன்று பர்ஷோத்தம் தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அதிலிருந்து உயர் நீதிமன்ற வாசலையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இதற்கெல்லாம் தற்காப்பு, கேவியட் மனு. உங்களைக் கேட்காமல் தடை கொடுக்கக் கூடாது என்று முன்கூட்டியே பதிவு செய்து வைப்பது அது. செலவு குறைவு. 90 நாள்தான் செல்லும் என்பதால், தேவைப்பட்டால் புதுப்பிக்க வேண்டும். எல்லா வழக்குக்கும் இது அவசியம் என்று சொல்லமாட்டேன். பழைய தேதியிலிருந்து பெரிய அரியர்ஸ் கிடைத்திருந்தால், அல்லது நோய்க்கும் பணிக்கும் உள்ள தொடர்பில் கடும் வாதம் நடந்திருந்தால், கட்டாயம் போடுங்கள்.

சில வழக்குகளில் 'மேல்முறையீட்டின் முடிவுக்கு உட்பட்டு' என்று நிபந்தனையோடு அனுமதிக் கடிதம் தருவார்கள், உறுதிமொழிப் பத்திரமும் கேட்கலாம். வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பணம் திரும்பக் கேட்கப்படலாம் என்பதால், மேல் வழக்கு முடியும் வரை அரியர்ஸை வைப்பு நிதியில் போட்டு வையுங்கள். அதை வைத்து மகள் கல்யாணத்துக்கு மண்டபம் பிடிப்பது இப்போது வேண்டாம்.

5. கெடு முடிந்ததும் நிறைவேற்று மனு

கெடு முடிந்த மறுவாரம் ஒரு நினைவூட்டல் அனுப்பி, இரண்டு மூன்று வாரம் பார்த்துவிட்டு, அதே தீர்ப்பாயக் கிளையில் நிறைவேற்று மனு தாக்கல் செய்யுங்கள். தமிழ்நாட்டவர்களுக்குப் பெரும்பாலும் அது சென்னைக் கிளையாக இருக்கும். சான்றிட்ட நகல், நீங்கள் அனுப்பிய கடிதங்கள், சேர்ப்பிப்புச் சான்றுகள், ஆர்டிஐ பதில் ஆகியவற்றைத் தேதி வரிசையில் இணைக்க வேண்டும்.

'வட்டி ஓடுகிறதே, மெதுவாக வரட்டும்' என்று இருந்துவிடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த வட்டி தானாக வந்து சேருவதில்லை. கேட்டால்தான் கணக்கிடுவார்கள், அதற்கும் சில சமயம் தனி அனுமதி தேவைப்படும். எழுபது எண்பது வயதில் ஒரு வருடத் தாமதம் என்பது வெறும் வட்டிக் கணக்கு இல்லை. பெரும்பாலான கோப்புகள் நிறைவேற்று மனுவில் நோட்டீஸ் போன பிறகுதான் வேகம் பிடிக்கின்றன. மனு போடுவதால் ரெக்கார்ட் ஆபீஸ் கோபித்துக்கொள்ளும் என்ற தயக்கமே வேண்டாம். அவர்களுக்கும் மேலிடத்தை விரைவுபடுத்த அந்த நோட்டீஸ் உதவுகிறது.

6. மறு மெடிக்கல் போர்டு இருந்தால்

தீர்ப்பு கேட்டிருந்தால் மட்டும் இது. அழைப்புக் கடிதம் வரும். சென்னை, வெலிங்டன் போன்ற இடங்களில் உள்ள ராணுவ மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கும். நீங்கள் போகாவிட்டால் பென்ஷன் வழங்குவதை நிறுத்திவைக்க அதுவே காரணமாகிவிடும். பழைய போர்டு நகலையும், கடந்த சில ஆண்டுகளின் சிகிச்சைச் சீட்டுகளையும் தேதி வரிசையில் கொண்டுபோங்கள். நன்றாக இருக்கிறேன் என்று மிடுக்காகச் சொல்வது பட்டாளத்துப் பழக்கம். போர்டு முன்னால் அது வேண்டாம். மாடிப்படி ஏறும்போது முட்டி என்ன செய்கிறது, இரவில் எத்தனை முறை விழிப்பு வருகிறது என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

7. பிபிஓ வந்ததும் வரிக்கு வரி சரிபாருங்கள்

பணம் வந்த சந்தோஷத்தில் பிபிஓவைப் பார்க்காமல் விடுவது மிகப் பெரிய தவறு, இழப்பும் அதில்தான் அதிகம். ஸ்பார்ஷில் உள்நுழைந்து புதிய பிபிஓவை இறக்கி, தீர்ப்பின் கடைசிப் பக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஹவில்தாரின் கணக்கை எடுத்துக்கொள்வோம். கடைசியாக வாங்கிய கணக்கில் சேரும் சம்பளம் 40,000 ரூபாய் என்று வையுங்கள். 100 சதவீத ஊனத்துக்கு டிஸெபிலிட்டி எலிமெண்ட் (பென்ஷனில் ஊனத்துக்கான பகுதி) அதில் 30 சதவீதம், அதாவது 12,000. மெடிக்கல் போர்டு கொடுத்தது 30 சதவீத ஊனம் என்றால் 3,600. ரவுண்டிங் ஆஃப் செய்து 50 சதவீதம் ஆனால் 6,000. மாதம் 2,400 வித்தியாசம். மூன்று ஆண்டு அரியர்ஸில் அது 86,400, அதற்கு மேல் அகவிலை நிவாரணம் வேறு. பிபிஓவில் '30' என்று இருக்கிறதா '50' என்று இருக்கிறதா என்ற ஓர் எண்ணுக்கு இவ்வளவு கனம்.

பார்க்க வேண்டிய மற்றவை:

- கணக்கில் சேரும் சம்பளத்தில் எம்எஸ்பி (ராணுவப் பணிச் சம்பளம்), எக்ஸ் குரூப் பே (தொழில்நுட்பப் பிரிவினருக்கான கூடுதல் சம்பளம்) சேர்ந்திருக்கிறதா?
- 'வாழ்நாள்' என்பதற்குப் பதில் முடிவுத் தேதி ஏதும் விழுந்திருக்கிறதா? அப்படி இருந்தால் அந்தத் தேதியில் டிஸெபிலிட்டி எலிமெண்ட் சத்தமில்லாமல் நின்றுவிடும்.
- 2016-க்கு முன் பணியிலிருந்து வெளியே வந்தவர் என்றால் ஏழாவது ஊதியக் குழுத் திருத்தம் ஏறியிருக்கிறதா?
- உங்களுக்கு ஓஆர்ஓபி (ஒரே பதவிக்கு ஒரே பென்ஷன் திட்டம்) பொருந்துமானால் 2014, 2019, 2024 ஜூலை 1 திருத்தங்கள் டிஸெபிலிட்டி எலிமெண்டுக்கும் செய்யப்பட்டிருக்கின்றனவா?
- அகவிலை நிவாரணம் சர்வீஸ் எலிமெண்ட் (பணிக்காலத்துக்கான பகுதி), டிஸெபிலிட்டி எலிமெண்ட் இரண்டுக்கும் கணக்கிடப்பட்டிருக்கிறதா?

பென்ஷனே இல்லாமல் வெளியேற்றப்பட்டு, இப்போது சர்வீஸ் எலிமெண்டும் சேர்ந்து கிடைத்தவர்கள் ஒரு பிடித்தத்தை எதிர்பார்க்க வேண்டும். அன்று வாங்கிய இன்வாலிட் கிராஜுவிட்டி (பென்ஷனுக்குப் பதில் ஒரே தடவையாகத் தந்த தொகை) வழக்கமாக அரியர்ஸில் கழிக்கப்படும். எவ்வளவு கழித்தார்கள் என்பதை டிஸ்சார்ஜ் காலத்துத் தாளோடு ஒப்பிடுங்கள்.

தவறு இருந்தால் ஸ்பார்ஷில் புகார் பதிந்து, அந்த எண்ணோடு ரெக்கார்ட் ஆபீஸுக்கும் எழுதுங்கள். இணையம் பழக்கமில்லையென்றால் அருகில் உள்ள ஸ்பார்ஷ் சேவை மையத்துக்குப் போகலாம். சென்னைக்காரர்களுக்குத் தேனாம்பேட்டையில் அண்ணா சாலையில் உள்ள சிடிஏ (பாதுகாப்புக் கணக்கு) அலுவலகம் இருக்கிறது.

8. அரியர்ஸ் பணமும் அதைச் சுற்றி வருகிறவர்களும்

பெரிய தொகை வந்த சில நாளில் 'ஸ்பார்ஷிலிருந்து பேசுகிறோம், லைஃப் சர்டிபிகேட் காலாவதி, ஓடிபி சொல்லுங்கள்' என்று அழைப்பு வரலாம். எந்த அலுவலகமும் ஓடிபி கேட்காது. வைத்துவிடுங்கள்.

வழக்கறிஞர் கட்டணமும் இங்கே வரும். அரியர்ஸில் இத்தனை சதவீதம் என்று பேசி வாங்குவதைப் பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. தேதி போடாத காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால், உரிய கட்டணத்தைக் கொடுத்து ரசீது வாங்கி, காசோலையைத் திரும்பப் பெறுங்கள்.

வருமான வரியில் இரண்டு விஷயம். உடல்நலக் காரணத்தால் பணியிலிருந்து வெளியேற்றப்பட்டவருக்கு டிஸெபிலிட்டி பென்ஷனின் இரண்டு பகுதிக்கும் விலக்கு உண்டு. பணிக்காலம் முடித்து வந்தவர்களுக்கு அது இல்லை என்று 2019 ஜூன் 24 சுற்றறிக்கை சொன்னது, அது வழக்குக்கும் போனது. நீங்கள் அந்த வகை என்றால் கணக்குத் தாக்கல் செய்யும் முன் ஆடிட்டரைப் பாருங்கள். பல ஆண்டு நிலுவை ஒரே ஆண்டில் வந்ததால் வரி கூடுகிறது என்றால் அதற்கான நிவாரணம் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அதற்குரிய படிவத்தை ரிட்டர்னுக்கு முன்பே நிரப்ப வேண்டும்.

9. பிபிஓ வந்த பிறகு திறக்கும் கதவுகள்

இதுவரை பென்ஷன் இல்லாதவர் இப்போது பென்ஷனர். அதனால் ஒருமுறைக் கட்டணம் கட்டி ஈசிஎச்எஸ் (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) உறுப்பினர் ஆகலாம், கணவன் மனைவி இருவருக்கும் மருத்துவம் கிடைக்கும். மற்ற எல்லாவற்றையும்விட இதை முதலில் செய்யுங்கள். இந்த வயதில் ஒரு பைபாஸ் செலவு மொத்த அரியர்ஸையும் விழுங்கிவிடும். 100 சதவீத ஊனம் உள்ளவருக்கு உதவியாள் தேவை என்று மெடிக்கல் போர்டு பரிந்துரைத்திருந்தால், நிரந்தர உதவியாளர் படியையும் கேளுங்கள். ஆண்டுதோறும் லைஃப் சர்டிபிகேட் கொடுப்பதும் இனி உங்கள் பொறுப்பு.

குடும்ப பென்ஷனுக்கு மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் புதிய பிபிஓவில் இருக்க வேண்டும். இல்லையென்றால் இன்றே திருத்தத்துக்கு எழுதுங்கள். நீங்கள் இருக்கும்போது ஒரு கடிதத்தில் முடியும் வேலை, பிற்பாடு அந்த அம்மாவைத் தாலுகா அலுவலகத்துக்கும் ரெக்கார்ட் ஆபீஸுக்குமாக அலையவிடும். நாமினியையும் ஸ்பார்ஷில் தனியாகப் பதியுங்கள். குடும்ப பென்ஷனுக்கான பதிவும் நிலுவைத் தொகைக்கான நாமினி பதிவும் வெவ்வேறு.

தீர்ப்புக்கும் பணத்துக்கும் நடுவில் படைவீரர் இறந்துவிட்டால் தீர்ப்பு அவரோடு போய்விடாது. அவர் இறந்த நாள் வரையிலான நிலுவை நாமினிக்கோ வாரிசுகளுக்கோ சேர வேண்டும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மனைவியின் வங்கி விவரம் ஆகியவற்றோடு ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுத வேண்டும். நிறைவேற்று மனுவோ மேல்முறையீடோ நிலுவையில் இருந்தால், வாரிசுகளை வழக்கில் சேர்க்கும் மனுவைக் காரியம் முடிந்த கையோடு வழக்கறிஞரிடம் சொல்லிப் போட்டுவிடுங்கள். அதற்குக் காலக்கெடு உண்டு.